கொலைகாரனுக்கு மட்டும் ஏன் பிளாஷ்பேக்?

தமிழில் திரில்லர் எடுக்கும் இயக்குநர்களுக்கும், அவர்களோடு டிஸ்கஷனில் உட்காரும் திரைக்கதை எழுத்தாளர்களுக்கும்,

வணக்கம்.

இதைத் தணிக்கை வாரியத்துக்கு எழுதலாமே என்று தோழி ஒருத்தி சொன்னாள். எனக்கு அதில் விருப்பமில்லை. ரத்தம் எவ்வளவு தெறிக்கிறது, கெட்ட வார்த்தை எங்கே வருகிறது என்று பார்ப்பது அவர்கள் வேலை. யூ/ஏ சான்றிதழைக்கூட இப்போது 7, 13, 16 என்று வயது போட்டுப் பிரித்துவிட்டார்கள். நான் பேச வந்தது ரத்தத்தைப் பற்றி இல்லை. ஒரு சொட்டு ரத்தம் காட்டாமல், ஒரு வார்த்தையையும் மியூட் செய்ய வேண்டிய தேவை இல்லாமல், ஒரு கொலைகாரன் மேல் எங்களை உருகவைக்கும் வித்தை உங்களிடம் இருக்கிறதே, அதைப் பற்றி. அது எந்தக் கத்திரிக்கும் சிக்காது. நீங்கள் எழுதும் மேசையிலேயே பிறந்துவிடுகிறது. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திரில்லர் பார்த்துவிட்டு யாரோ கத்தியைத் தூக்குகிறார்கள் என்ற பழைய புகாரோடு நான் வரவில்லை. இந்த வகைப் படங்களைத் தேடித் தேடிப் பார்க்கிறவள் நான். கொலைகாரனுக்காக யாரும் இரக்கப்படக் கூடாது என்றும் சொல்ல மாட்டேன். வெறுக்க வேண்டிய ஒருவனுக்காகக் கண் கலங்கவைப்பது சினிமா செய்யக்கூடிய பெரிய காரியங்களில் ஒன்று. ஆனால் உங்கள் படங்களில் அந்த இரக்கத்தின் ஒரு துளிகூடச் செத்தவள் பக்கம் வருவதில்லை. என் வழக்கு அவ்வளவுதான்.

ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’வை நீங்கள் எல்லோரும் பாடமாகவே பார்த்திருப்பீர்கள். 1960இல் வந்த படம். கதாநாயகி என்று நாம் நம்பிக்கொண்டிருக்கும் மேரியன், படம் பாதியைத் தொடுவதற்குள் குளியலறையில் குத்துப்பட்டுச் சாகிறாள். எல்லோரும் பேசுவது அந்தக் கொலையைப் பற்றித்தான். எனக்கு அதைவிட அதற்கு அடுத்து வருவதுதான் முக்கியம். நார்மன் பேட்ஸ் வாளியும் துடைப்பமும் எடுத்து வருகிறான். தரையைத் துடைக்கிறான், தொட்டியைக் கழுவுகிறான், பிணத்தைத் திரைச்சீலையில் சுற்றிக் கார் டிக்கியில் வைக்கிறான். கிட்டத்தட்ட வசனமே இல்லாமல் நிமிடக்கணக்கில் ஓடும் காட்சி. ஒருவன் கவனமாக ஒரு வேலை செய்வதை இவ்வளவு நேரம் பக்கத்தில் நின்று பார்த்தால், அந்த வேலை நல்லபடியாக முடியவேண்டும் என்று நமக்கே தோன்ற ஆரம்பித்துவிடுகிறது. அப்புறம் அந்தக் காரைச் சதுப்புக் குட்டையில் தள்ளுகிறான். பாதி முங்கியதும் கார் நின்றுவிடுகிறது. நார்மன் பதறிப்போய்ச் சுற்றுமுற்றும் பார்க்கிறான். தியேட்டரில் நமக்கும் மூச்சு நிற்கிறது. மறுபடி முங்கத் தொடங்கியதும் ஒரு நிம்மதி வருகிறது பாருங்கள், அந்த நிம்மதிக்குப் பெயர் என்ன? டிக்கியில் கிடப்பது சற்று முன்வரை நாம் யாருக்காகப் பயந்துகொண்டிருந்தோமோ அவள்.

ராபர்ட் பிளாக் எழுதிய மூல நாவலில் நார்மன் நாற்பது வயதுக்காரன், குண்டு, மூக்குக்கண்ணாடி, குடிப்பழக்கம் வேறு. படத்தில் அந்த இடத்துக்கு ஆந்தனி பெர்கின்ஸ் வந்தார். ஒல்லியாக, கூச்சமாக, எதையோ கொறித்துக்கொண்டே பேசும் இளைஞன். யாரை நடிக்கவைப்பது என்று முடிவெடுத்த அன்றே பாதி வேலை முடிந்துவிட்டது. 1972இல் ‘ஃபிரென்ஸி’யில் ஹிட்ச்காக் இன்னும் துணிந்தார். உருளைக்கிழங்கு லாரியில் மூட்டைக்குள் பிணம். அதன் விரல்களுக்குள் தன் கழுத்து டையின் பின் மாட்டிக்கொண்டதை உணர்ந்த கொலைகாரன், ஓடும் லாரியில் அதைப் பிடுங்கப் போராடுகிறான். அவன் கிட்டே சுத்தமாக எந்த நல்ல குணமும் கிடையாது. ஆனாலும் பின் கிடைத்துவிட்டால் தேவலை என்று மனசு அடித்துக்கொள்கிறது. இது குணத்தால் வரும் ஒட்டுதல் கிடையாது. கேமரா யார் பக்கத்தில் நிற்கிறதோ அவர்கள் பக்கம் நாமும் சாய்ந்துவிடுகிறோம்.

ஆனால் ஹிட்ச்காக் செய்த இன்னொன்றை நீங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. மேரியன் வெறும் பிணம் இல்லை. வேலை பார்க்கும் இடத்தில் 40,000 டாலரைத் திருடிக்கொண்டு ஓடிவந்தவள். போலீஸ்காரனைக் கண்டு நடுங்கியவள். சாவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால், ஊருக்குத் திரும்பிப் போய்விடலாம் என்று முடிவெடுத்து, செலவழித்த பணத்துக்குத் தாளில் கணக்குப் போட்டவள். அவள் செத்த பிறகு, அவளைக் காணோமே என்று தங்கை லைலா வந்து நிற்கிறாள். மீதிப் படம் முழுக்க யாரோ ஒருத்தி மேரியனைத் தேடிக்கொண்டே இருக்கிறாள். நார்மனின் அம்மா கதை கடைசியில் ஒரு டாக்டர் வாயால், வறட்டு விளக்கமாகத்தான் வருகிறது.

அதற்கும் முப்பது வருடம் முன்னால் போவோம். 1931, பெர்லின், ஃபிரிட்ஸ் லாங்கின் ‘எம்’. குழந்தைகளைக் கொல்பவனைப் பற்றிய படம். தொடர் கொலைகாரன் படங்களுக்கெல்லாம் தாத்தா என்று சொல்லலாம். படத்தின் கடைசியில், பிடிபட்ட கொலைகாரன் ஊர் ரவுடிகள் நடத்தும் விசாரணையில் மண்டியிட்டுக் கதறுகிறான். நீங்களெல்லாம் விரும்பியே திருடுகிறீர்கள், என்னால் இதை நிறுத்த முடியவில்லையே, எனக்குள் இருப்பது என்னைத் துரத்துகிறதே என்று. பீட்டர் லோரே நடித்த அந்தக் காட்சிக்கு இணையாகக் கொலைகாரன் வாயில் வேறு யாரும் வசனம் வைத்ததாக எனக்குத் தெரியவில்லை. பார்க்கிறவர்கள் கலங்குவார்கள். கலங்கவேண்டும் என்றுதான் எடுத்திருக்கிறார்.

ஆனால் படம் எங்கே தொடங்குகிறது? ஒரு அம்மா மகளுக்காக மதியச் சாப்பாடு தயார்செய்கிறாள். கடிகாரத்தைப் பார்க்கிறாள். மாடிப்படியில் எட்டிப் பார்த்து எல்சி, எல்சி என்று கூப்பிடுகிறாள். காலியான மாடிப்படி. சாப்பாட்டு மேசையில் தொடாத தட்டு. புல்லில் உருண்டு வரும் பந்து. தந்திக் கம்பியில் மாட்டிக்கொண்ட பலூன். கொலையைக் காட்டவே இல்லை. எங்கே முடிகிறது? தீர்ப்பு நாளில் கறுப்பு உடையில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களிடம். இதனால் எங்கள் பிள்ளைகள் திரும்பி வரப்போவதில்லை என்கிறாள் எல்சியின் அம்மா. கொலைகாரனுக்கு அவ்வளவு பெரிய பேச்சைக் கொடுத்த இயக்குநர், படத்தின் இரண்டு முனைகளையும் அந்த அம்மாவிடம் கொடுத்திருக்கிறார்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன்.

நம் ஆட்கள் கைதேர்ந்தவர்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் நம் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் உறுத்துகிறது. 1978, பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’: சிறுவனாக இருந்தபோது ஒரு பெண் அவன்மேல் அபாண்டமாகப் பழி போட்டாள், வளர்த்தவரின் மனைவி துரோகம் செய்தாள், அதனால் பெண்களைக் கொல்கிறான். 1980, பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’: அப்பா விலைமாதர் பின்னால் போய் அம்மாவைக் கொடுமைப்படுத்தினார், அதனால் விலைமாதர்களைக் கொல்கிறான். கொடுமை செய்தது அப்பா, சாவது அந்தப் பெண்கள், கவனித்தீர்களா? 2004, ‘மன்மதன்’: தம்பியை ஒரு பெண் ஏமாற்றினாள், அதனால் ஏமாற்றும் பெண்களைக் கொல்கிறான். கொல்பவர் சிம்பு என்பதால் கைதட்டல் வேறு. 2018, ‘ராட்சசன்’: நோயால் முகம் மாறிப்போன சிறுவனைப் பள்ளியில் கேலி செய்தார்கள், அவன் ஆசைப்பட்ட பெண் அவமானப்படுத்தினாள், அதனால் பள்ளிச் சிறுமிகளைக் கொல்கிறான். 2020, மிஷ்கினின் ‘சைக்கோ’: சிறுவயதில் ஓர் ஆசிரியை செய்த கொடுமை, அதனால் பெண்களின் தலையை வெட்டுகிறான்.

நாற்பது வருடத்துக்கு மேல். இயக்குநர் வேறு, நடிகர் வேறு, இசை வேறு. பிளாஷ்பேக்கைத் திறந்தால் திரும்பத் திரும்ப உள்ளே ஒரு பெண்தான் குற்றவாளியாக நிற்கிறாள். கொலைகாரனுக்காக நீங்கள் எங்களிடம் கேட்பது வெறும் இரக்கம் மாதிரி தெரிந்தாலும், அவனுடைய வழக்கையும் சேர்த்தே ஒப்புக்கொள்ளச் சொல்கிறீர்கள். பிளாஷ்பேக் முடியும்போது, அவன் யாரைக் கொன்றான் என்பது மங்கிவிடுகிறது. அவனை யார் கெடுத்தாள் என்பது பளிச்சென்று நிற்கிறது. செகண்ட் ஹாஃபில், கிளைமாக்ஸுக்கு நெருக்கமாக அதை வைக்கிறீர்கள் என்பதால், வீட்டுக்குப் போகும்போது எங்களோடு வருவதும் அதுதான்.

‘சிகப்பு ரோஜாக்க’ளில் வளர்ப்புத் தந்தை மனைவியைக் குத்தும்போது அந்தச் சிறுவன் கத்துவானே, “குத்துங்க எசமான், குத்துங்க” என்று. ஒரு பெண் செத்துக்கொண்டிருக்கும் காட்சி அது. இன்று அது மிமிக்ரி மேடையில் சிரிப்புக்கு உத்தரவாதமான வரி, மீமில் டெம்ப்ளேட். அப்படி ஆனதற்குப் பாரதிராஜாவைக் குறை சொல்ல முடியாது. அந்தக் காட்சியில் குத்துப்படுகிறவளைப் பற்றி நமக்கு ஒன்றுமே தெரியாது, அதனால் சிரிக்க முடிகிறது. ‘எம்’ படத்து அம்மா எல்சியைக் கூப்பிடுவதை யாராவது மிமிக்ரி செய்ய முடியுமா?

‘மூடுபனி’யைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு மிகவும் பிடித்த படம் அது. இளையராஜாவின் நூறாவது படம். கங்கை அமரன் எழுதி ஜேசுதாஸ் பாடிய ‘என் இனிய பொன் நிலாவே’ அதில்தான் வருகிறது. கல்யாணக் கச்சேரியில், கல்லூரி விழாவில், டிவி பாட்டுப் போட்டியில், கிடார் கற்கத் தொடங்கும் பையன்களின் கையில், எங்கே கேட்டாலும் இனிக்கும் பாட்டு. படத்தில் அதைப் பாடுவது யார்? பல பெண்களைக் கொன்றவன். யாருக்குப் பாடுகிறான்? தான் கடத்திக்கொண்டு வந்து ஊட்டி வீட்டில் வைத்திருக்கும் பெண்ணுக்கு. கிடாரின் முதல் தந்தி அதிரும்போதே நாம் அவன் பக்கம் போய்விடுகிறோம். பிரதாப் போத்தனின் அந்தக் குழந்தை முகமும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். எதிரே இருக்கும் ஷோபாவின் முகத்தில் பயத்தைத் தேட நம் கண்ணுக்கு நேரமில்லை, காது நிறைந்திருக்கிறது. பாட்டின் அழகில் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஒரு சிறைப்பட்ட பெண்ணின் காட்சியை நாற்பது வருடத்துக்கு மேலாகக் காதல் பாட்டாகப் பாடிக்கொண்டிருக்கிறோம் என்றால், நம் கையில் இருப்பது எவ்வளவு பலமான கருவி என்று யோசித்துப் பாருங்கள். வக்கீல் மணிக்கணக்கில் வாதாடினாலும் நாலு நிமிடப் பாட்டு செய்வதைச் செய்ய முடியாது.

“வில்லனுக்காக அழுவது நம் மரபு” என்று உங்களில் சிலர் பேட்டிகளில் சொல்லக்கூடும். சரிதான். கர்ண மோட்சம் கூத்தில் விடிய விடிய அழுகிற ஜனம் நாம். ராவணன் விழுந்தபோது கம்பன் மண்டோதரியை அழவைத்த அழகைச் சொல்லி மாளாது. சானகியை மனச்சிறையில் ஒளித்த காதல் இன்னும் “உள்ளிருக்கும் எனக் கருதி உடல் புகுந்து தடவியதோ ஒருவன் வாளி” என்கிறாள் அவள். உடல் முழுக்க அம்பு துளைத்ததைச் சொல்லி அழும்போதும், எதற்காக அந்த அம்பு வந்தது என்பதை அதே மூச்சில் சொல்கிறாள். புருஷன் பிணத்தின் மேல் விழுந்து அழுகிற மனைவியே அவன் குற்றத்தை மறைக்கவில்லை. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது சுந்தர காண்டம். அசோகவனத்தில் இருக்கும் சீதையைக் காட்ட ஒரு படலம். அவள் ராவணனை முகத்துக்கு நேரே ஏசுவதை வைத்து நிந்தனைப் படலம் என்றே தனியாக ஒன்று. ராவணனுக்கு இவ்வளவு கண்ணீர் வாங்கித் தந்தவன், அவன் சிறைவைத்தவளுக்கு முதலில் பேச்சைக் கொடுத்துவிட்டுத்தான் அதைச் செய்தான். மரபு என்று சொன்னால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மிஷ்கினின் ‘சைக்கோ’வில் கொலைகாரன் பெயர் அங்குலி. புத்தர் கதையில் கொலைகாரனாக இருந்து மனம் மாறிய அங்குலிமாலன்தான் மூலம். கொலைகாரனையும் குழந்தையாகப் பார்க்க முடியும் என்று காட்ட ஓர் இயக்குநர் துணிந்ததை நான் மதிக்கிறேன். அவனிடம் சிக்கிய பெண்ணே அவனுக்காக இரங்குகிறாள். ஆனால் பௌத்த சூத்திரத்தில் கதை மனமாற்றத்தோடு நிற்பதில்லை. துறவியான அங்குலிமாலன் பிச்சைக்குப் போகும்போது கல்லும் கட்டையும் அவன்மேல் விழுகின்றன. மண்டை உடைந்து, பாத்திரம் உடைந்து, சீவரம் கிழிந்து ரத்தத்தோடு திரும்பி வருகிறான். பொறுத்துக்கொள், நீ செய்ததன் பலனை இப்போதே அனுபவிக்கிறாய் என்கிறார் புத்தர். ஊர்க்காரர்கள் கல்லெடுத்ததை அந்தக் கதை மறைக்கவில்லை. படத்தில் தலையில்லாமல் கிடக்கும் அத்தனை பெண்களின் வீட்டிலிருந்தும் ஓர் ஆள், ஒரு கேள்வி கேட்க வந்திருந்தால் அந்த மன்னிப்பு எவ்வளவு கனத்திருக்கும்!

பிளாஷ்பேக் இல்லாவிட்டால் வில்லன் தட்டையாகிவிடுவான் என்பீர்கள். ‘ராட்சச’னிலேயே பதில் இருக்கிறது. அதில் மாணவிகளிடம் அத்துமீறும் ஒரு கணக்கு வாத்தியார் வருவார், இன்பராஜ். அவருக்குக் கெட்ட அப்பாவும் இல்லை, ஏமாற்றிய காதலியும் இல்லை. ஒரு காரணமும் சொல்லாமல் அந்தப் பாத்திரத்தை இயக்குநர் ராம்குமார் விட்டுவிட்டார். வகுப்பறையில் அந்த ஆள் தனியாக ஒரு மாணவியிடம் பேசும் காட்சியில் எனக்கு வந்த நடுக்கம், கொலைகாரன் விட்டுப்போகும் பொம்மைப் பெட்டியைப் பார்த்தபோதுகூட வரவில்லை. காரணம் தெரியாததால் யாருக்கும் ஒன்றும் குறையவில்லை. அவர் எப்படி அப்படி ஆனார் என்று யாரும் கேட்டு நான் கேள்விப்படவில்லை.

படம் படம்தானே, இதற்கு ஏன் இவ்வளவு என்று தோன்றலாம். நிஜக் கதைகளை எடுக்கும்போதும் இதே பழக்கம் கூடவே வருகிறதே. 2022இல் நெட்ஃபிளிக்ஸில் அமெரிக்கத் தொடர் கொலைகாரன் ஜெஃப்ரி டாமர் பற்றிய தொடர் வந்தது. கொல்லப்பட்ட ஓர் இளைஞனின் சகோதரி 1992இல் நீதிமன்றத்தில் கொதித்துப் பேசியதை, அவர் உடை, முடி, சொல் எல்லாவற்றையும் அப்படியே நகலெடுத்துக் காட்டினார்கள். தன்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றார் அவர். அந்த வருட ஹாலோவீனுக்கு டாமர் வேஷ உடைகளை விற்கக் கூடாது என்று ஈபே என்ற இணையச் சந்தை தடுக்க வேண்டியதாயிற்று.

நம் ஊரில் ஆட்டோ சங்கர். 1988இல் பிடிபட்டு, 1995இல் சேலம் சிறையில் தூக்கிலிடப்பட்டவன். அவன் எழுதியதைப் பத்திரிகை வெளியிடலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1994இல் வந்த அந்தத் தீர்ப்பைத் தனிமனித அந்தரங்கம் பற்றிப் பேசும் இடத்திலெல்லாம் இன்றும் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். 2019இல் ஜீ5இல் தொடராகவும் வந்துவிட்டான். சட்டப் புத்தகத்தில் இடம், ஓடிடியில் இடம், ஊர்ப் பேச்சில் ஒரு பட்டப்பெயர். அவன் கொன்ற ஆறு பேரில் ஒருவர் பெயரைச் சொல்லச் சொல்லி உங்கள் உதவி இயக்குநர்களைக் கேட்டுப் பாருங்கள்.

செய்தித்தாளிலும் இதே கதைதான். ‘காதலை ஏற்க மறுத்ததால் ஆத்திரம்’ என்று தலைப்பு தொடங்கும். அவன் மனசு என்ன பாடுபட்டது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் அவள் செத்த செய்திக்கு வருகிறோம். உங்கள் இரண்டரை மணி நேரத்தை ஒரு வரியில் சுருக்கினால் அந்தத் தலைப்புதான் வரும். யாரிடமிருந்து யார் கற்றுக்கொண்டார்கள் என்று நான் விசாரிக்கப் போவதில்லை.

நான் கேட்பது சின்ன விஷயம். அடுத்த கதைக்கு டிஸ்கஷன் உட்காரும்போது, போர்டில் கொலைகாரனின் சிறுவயது என்று எழுதுவீர்கள் அல்லவா, அதற்கு முன்னால் முதலில் சாகப்போகிறவளுக்கு ஒரு பக்கம் எழுதுங்கள். அவள் நல்லவளாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை, மேரியன் திருடிதானே. சீட்டுப் பணம் கட்டாமல் டிமிக்கி கொடுப்பவளாக இருக்கட்டும். அக்காவோடு சண்டை போட்டுவிட்டு ஆறு மாதமாகப் பேசாதவளாக இருக்கட்டும். அவள் வராத அன்று யார் வீட்டில் சோறு ஆறுகிறது, யார் போனில் மிஸ்டு கால் குவிகிறது என்று நீங்களாவது தெரிந்துவைத்திருங்கள். எழுதியதில் கால்வாசி படத்தில் வந்தாலும் போதும். அதற்குப் பிறகு கொலைகாரனுக்கு எவ்வளவு பெரிய பிளாஷ்பேக் வேண்டுமானாலும் வையுங்கள், நானும் சேர்ந்து அழுகிறேன்.

படம் நீளமாகிவிடும் என்று தயாரிப்பாளர் சொன்னால், கொலைகாரனின் அம்மா பாட்டில் ஒரு சரணத்தை வெட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
டைட்டில் கார்டு போடும் முன்பே சீட்டில் உட்கார்ந்துவிடும் உங்கள் ரசிகை ஒருத்தி